பொறுப்பாளர் பெயர் கட்டாயம்

மனித குலம் முழுவதன் கவனத்துக்கும் ஒரு மாபெரும் செய்தி. ஆயிரத்து இருநூறு வருஷமாக மூக்கில்லாமல் நிற்கும் கல் சிங்கத்தின் மூக்கை உடைத்தவன் யார் என்று கண்டுபிடித்தாகிவிட்டது. மண் சாடிகளில் விரிசல் விழ வைத்தவன், வெண்கல மணியின் நாக்கைப் பிடுங்கியவன், ஒரு பளிங்கு ராணியின் இரண்டு கைகளையும் முழங்கையோடு கழற்றியவன் எல்லாம் அதே ஆள்தான். படையெடுத்து வந்த மன்னர்கள் செய்ததாக வரலாற்றாசிரியர்கள் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்த நாசவேலை அத்தனையையும் அவன் தனியாளாக, ஒரே வருஷத்துக்குள், அதுவும் அலுவலக நேரத்தில் செய்து முடித்திருக்கிறான்.

அந்த மகானுபாவன் நான்தான். வயது ஐம்பத்திரண்டு. முட்டி வலி உண்டு. ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திறக்கக்கூட மனைவியிடம்தான் கொடுப்பேன்.

அருங்காட்சியகத்தில் துணைக் காப்பாளன் என் உத்தியோகம். மேல்மாடிகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் நிற்பவையெல்லாம் பார்வையாளர்களுக்கு. மூக்கும் கையும் காலும் போனவை நிலத்தடிக் கிடங்கில் எங்களோடு, இரும்பு அலமாரிகளில். கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. மழை பெய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மேலேயிருந்து இறங்கி வருகிறவனின் சட்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் சுவரிலிருந்து நேராக முட்டிக்குள் இறங்கும். ஆனால் தலைமைக் காப்பாளரின் அறை முதல் மாடியில் இருக்கிறது. அதற்கு ஜன்னல் உண்டு. காலையில் வெயில் மேஜை வரைக்கும் வரும். அந்தத் தலைமைக் காப்பாளர் ஓய்வுபெறப் போகிறார் என்ற செய்தி வந்தபோது வரிசையில் முதலில் நின்றவன் நான். எனக்கு அடுத்து நின்றவர் என் மச்சான்.

மச்சான் என்றால் சும்மா வாய்வார்த்தைக்கு இல்லை, என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். கிடங்கில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்று என் மனைவி சொல்வாள். அவர் சொல்ல மாட்டார். வயதில் எனக்கு மூத்தவர் என்றாலும் தங்கை புருஷன் என்ற மரியாதையில் என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். என் கழுத்தை அறுக்கும்போதுகூட அந்த 'ங்க'வை அவர் கைவிடவில்லை என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

"நீங்க இருக்கும்போது அந்த நாற்காலிக்கு நான் ஆசைப்படுவேனா மாப்ளே?" என்றார் அன்றைக்கே, மதியச் சாப்பாட்டு நேரத்தில். "நீங்க மேல போங்க. கீழ நான் பாத்துக்கறேன்."

நான் கண் கலங்கினேன். கிடங்கில் தூசி அதிகம்தான். ஆனாலும் அது தூசியால் இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்களுக்கு யுகம் பிறந்தது.

எங்கள் இயக்குநருக்குப் பட்டப்பெயர் 'பீடம்'. எங்கே நின்றாலும் காலுக்கடியில் ஓரடிக் கல் இருப்பது போலவே நிற்பார். அவர் எல்லாரையும் கூட்டி, 'திரிகாலம்' என்ற மென்பொருளைத் திறந்து வைத்தார். "இது ஒரு கணினி நிரல் அல்ல, நண்பர்களே. இது ஒரு யுகம்!" என்றார். யுகம் அவர் முதுகுக்குப் பின்னால் திரையில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை. மேஜைக்கடியில் ஒருவர் ஒயரைப் பிடுங்கிச் செருகினார். "யுகம் என்றால் சற்று நேரம் எடுக்கும்தானே" என்று பீடம் சமாளித்தார். நாங்கள் தட்டிய கைதட்டலில் திரை அணைந்தே போய்விட்டது.

குளிர்பெட்டியும் துவைக்கும் இயந்திரமும் அடுக்கி வைக்கிற ஏதோ ஒரு கிடங்குக்காக அதை முதலில் எழுதியிருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 'குளிர்பெட்டி' என்று இருந்த இடத்தில் 'கலைப்பொருள்' என்று மாற்றி எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். மாற்ற மறந்த இடங்களும் உண்டு. ஓர் அரசனின் கல் தலையைப் பதிவு செய்தால், கடைசியில் 'மின் இணைப்பு சரிபார்க்கப்பட்டதா?' என்று கேட்கும். ஆம் என்று சொல்லாவிட்டால் அரசனை ஏற்றுக்கொள்ளாது. தேதி கேட்கிற இடத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு முந்தைய வருஷம் எதைப் போட்டாலும் சிவப்பாகும். அதற்கு முன்னால் உலகம் இருந்ததாகத் திரிகாலத்துக்குத் தகவல் இல்லை.

எல்லாவற்றையும்விட அழகு, அதன் அடியில் இருந்த பொத்தான். ஒரே ஒரு பொத்தான். 'சரி' என்று இருக்கும். பிழை நேர்ந்துவிட்டது, சரி. பதிவு தொலைந்துவிட்டது, சரி. விலகு, திரும்பு, வேண்டாம் என்கிற மாதிரியான அவநம்பிக்கைச் சொற்களுக்கு யுகத்தில் இடமில்லை போலும்.

பயிற்சிக்குப் பிரிவுக்கு ஒருவர்தான் போகலாம் என்று உத்தரவு வந்தது. முறைப்படி நான் போக வேண்டும். "உங்க முட்டியோட எதுக்கு மாப்ளே நாலு மாடி ஏறணும்? நான் போய்க் கேட்டுட்டு வந்து உங்களுக்குச் சொல்லித் தரேன்" என்றார் மச்சான். சொன்னபடியே கேட்டுவிட்டு வந்தார். சொல்லித் தரவும் செய்தார், அவருக்கு எது வசதியோ அதை.

பதிவு வேலை இப்படி நடந்தது. நான் ஒவ்வொரு பொருளாக அலமாரியிலிருந்து எடுத்து, விளக்கடியில் திருப்பிப் பார்த்து, சத்தமாகச் சொல்வேன்: "கல் சிங்கம். மூக்கு இல்லை. இடது காது பாதி இல்லை." மச்சானும், தட்டச்சு வேகத்தால் 'சூறாவளி' என்று பெயர் வாங்கிய எழுத்தரம்மாவும் உள்ளே ஏற்றுவார்கள். 'சேதம்' என்ற கட்டத்தை நிரப்பினால் அதன் கீழே இன்னொரு கட்டம் திறக்கும்: 'பொறுப்பாளர்'. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், அதாவது கட்டாயம். குளிர்பெட்டியில் கீறல் விழுந்தால் கீறியவன் பெயர் வேண்டும் அல்லவா? அங்கே ஒரு பட்டியல் தொங்கும். தோட்டக்காரர் உட்பட எங்கள் ஊழியர்கள் அத்தனை பேரும் அதில் உண்டு. 'தெரியாது' கிடையாது. 'காலம்' கிடையாது. 'படையெடுப்பு' கிடையாது. பட்டியலைக் கீழே இழுத்தால் கை எடுத்ததும் குரங்கு மாதிரி தாவி உச்சிக்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

உச்சியில் இருந்தது என் பெயர்.

அது எப்படி அங்கே போனது என்றால், மென்பொருளை நிறுவ வந்தவர், "சோதனைக்கு ஒரு பேர் வேணும் சார், உங்க பேரைப் போடலாமா?" என்று கேட்டார். யுகத்தின் முதல் பெயர்! நான் எழுத்துகளை அவருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அன்று சாயங்காலம் வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னபோது, "அதுக்கு ஏதாவது படி கிடைக்குமா?" என்றாள் மனைவி.

ஆக, நான் விளக்கடியில் நின்று என் குற்றப்பத்திரிகையை நானே வரிவரியாக வாசித்துக் கொடுத்தேன். அவர்கள் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் என் பெயரை விட்டுவிட்டு 'சரி' தட்டிக்கொண்டே போனார்கள்.

வருஷக் கடைசியில் திரிகாலம் தானாகவே ஓர் அறிக்கையைத் தயாரித்து மேலிடத்துக்கு அனுப்பியது. நாங்கள் கேட்டால் ஒரு காகிதம் அச்சடிக்க முக்கி முனகுகிற சாமான், இதை மட்டும் யாரும் கேட்காமலே செய்தது. 'இவ்வாண்டுச் சேதங்கள், பொறுப்பாளர் வாரியாக.' தோட்டக்காரர் பெயரில் ஒன்று, ஒரு பூந்தொட்டி. மற்றபடி மூவாயிரத்துச் சொச்சம், முழுக்க என் பெயரில்.

பீடம் என்னை அழைத்தார். "எனக்குத் தெரியும்யா, நீ உடைக்கலைன்னு" என்றார் அன்பாக. "ஆனா திரிகாலம் சொல்லுதே?"

"சார், அந்தச் சிங்கத்துக்கு ஆயிரத்து இருநூறு வருஷமா மூக்கு இல்ல."

"சேதத் தேதி இந்த வருஷம்னு இருக்கே?"

"பதிவு பண்ற தேதியை அதுவே போட்டுக்குது சார். தோண்டி எடுத்தப்ப பிடிச்ச பழைய போட்டோ இருக்கு."

"போட்டோவைத் திரிகாலத்துல ஏத்தினாதான் அது ஆவணம்."

"ஏத்தினா அதுக்கும் இன்னைக்குத் தேதிதான் சார் விழும்."

கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய யுகத்தைத் தப்பு என்று சொல்வதைவிட, மாதச் சம்பளக்காரன் ஒருவன் மூவாயிரம் மூக்கை உடைத்தான் என்று சொல்வது எளிது என்று பீடத்தின் முகத்திலேயே எழுதியிருந்தது. "விசாரணைன்னு ஒண்ணு நடக்கும். சும்மா சம்பிரதாயத்துக்கு. அது முடியற வரைக்கும் தலைமைக் காப்பாளர் பதவிக்கு உன்னை எடுத்துக்க முடியாது. உன் பேரைப் போட்டு யார் பதிவு பண்ணாங்கன்னு ஆதாரம் கொண்டு வா. முடிச்சுடலாம்."

கீழே வந்து சூறாவளியிடம் கேட்டேன். அந்தம்மா விரலை விசைப்பலகையிலிருந்து எடுக்கவே இல்லை. "உங்க மச்சான்தான் சார் சொன்னாரு. 'மாப்ளே பேர்தானே, அப்படியே விட்டுட்டுத் தட்டிட்டுப் போங்க, அவரு ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு'ன்னு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒவ்வொரு சிங்கத்துக்கும் பட்டியலோடு மல்லுக்கட்ட யாரால் முடியும்? அவசரத்துக்குச் சொல்லியிருப்பார் என்று நானே அவருக்காக வாதாடி, நானே தீர்ப்பும் சொல்லி, விடுதலையும் செய்தேன். சொந்தக்காரன் என்றால் சும்மாவா?

மச்சானுக்கு விஷயம் தெரிந்ததும் என்னைவிட அவர்தான் துடித்துப் போனார். "அடப்பாவமே! உங்க மேலயா மாப்ளே?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வழி சொன்னார். "ஒவ்வொரு பதிவுலயும் 'வரலாறு'ன்னு ஒரு பக்கம் இருக்கு. யாரு ஏத்தினாங்கன்னு அதுல தெரியும். பாதி என் பேரு, பாதி சூறாவளி பேரு வரும். ஒண்ணு விடாம எல்லாத்தையும் திறந்து பாத்துடுங்க. ஒண்ணு விட்டாலும் அதைப் பிடிச்சுக்குவாங்க."

"உங்க பேரு வெளிய வருமே மச்சான்?"

"வரட்டுமே. உங்களுக்கு இல்லாத என் பேரா?"

நான் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன். அவர்தான் பேனாவை என் கையிலிருந்து வாங்கினார். "இதை எதுக்கு எழுதிக் கைவலி இழுத்துக்கறீங்க? எல்லாம் உள்ளதான் இருக்கு. விசாரணை அன்னைக்கு ஒரே தட்டுல அச்சடிச்சுக் காட்டிக்கலாம். இந்தக் காலத்துல போய்க் காகிதமா!"

வாரக்கணக்கில் திறந்தேன். திறந்தால் சுற்றும், சுற்றி நின்றால் சிங்கம் வரும், வரலாறு என்பதைத் தட்டினால் மச்சான் பெயரோ சூறாவளி பெயரோ பளிச்சென்று வரும். மனசு நிறையும். வெளியே வர ஒரே வழி, 'சரி'. தட்டுவேன். அடுத்தது சாடி. கண் எரிந்தது, முட்டி மரத்தது, விரல் நுனி காய்த்தது. மச்சான் நடுநடுவே வந்து தேநீர் வைத்துவிட்டுப் போவார். "எல்லாத்தையும் பாத்தாச்சா மாப்ளே? ஒண்ணுகூட விடலியே?" என்று விசாரிப்பார். அந்த அக்கறையை நினைத்தால் இப்போதும் புல்லரிக்கிறது. ஆனால் வேறு காரணத்துக்காக.

விசாரணை பீடத்தின் அறையில் நடந்தது. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். பேசும்போது எதிராளியைப் பார்க்காமல் தன் பேனாவைப் பார்த்தே பேசுகிறவர். மென்பொருள் நிறுவனத்திலிருந்து, எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பெண் வந்திருந்தார். கிடங்குப் பிரிவின் சார்பில் மச்சான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். துவைத்துத் தேய்த்த சட்டை, முகத்தில் துக்கம்.

"ஆதாரம் உள்ளதா?" என்றார் அதிகாரி, பேனாவிடம்.

"அத்தனையும் உள்ளயே இருக்கு சார். வரலாற்றை அச்சடிக்கச் சொல்லுங்க" என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். அந்த நிமிர்வை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அச்சுப்பொறி காகிதமாகத் துப்பியது. அதிகாரி முதல் பக்கத்தைப் பார்த்தார். நடுவில் ஒன்றை உருவிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். பிறகு முதன்முறையாகப் பேனாவை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சேதத்துக்குப் பொறுப்பு நீங்க. பதிவு செஞ்சது நீங்க. சரின்னு உறுதிப்படுத்தினதும் நீங்க. என் சர்வீஸ்ல இவ்வளவு நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை."

காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும், இரண்டு கட்டத்திலும், என் பெயர். மச்சான் பெயர் இல்லை. சூறாவளி பெயர் இல்லை.

"இது தப்பு! நேத்து வரைக்கும் வேற பேரு இருந்துச்சு! நானே திறந்து பார்த்தேன்!"

"திறந்து பார்த்துட்டு என்ன பண்ணீங்க சார்?" என்று கேட்டார் பயிற்சிப் பெண், மெதுவாக.

"சரி தட்டினேன். வேற என்ன இருக்கு தட்டுறதுக்கு?"

அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு சங்கடம் ஓடியது. "சரி தட்டினா புதுசா சேமிக்கும் சார். கடைசியா யார் சேமிச்சாங்களோ அவங்க பேரு மட்டும்தான் வரலாற்றுல நிக்கும். பார்க்க மட்டும் செஞ்சா, சரி தட்டாம கணினியையே அணைச்சுடணும். பயிற்சியில முதல்ல சொன்னதே அதுதான்." பிறகு ஓரமாகத் திரும்பி, உதவி செய்கிற நல்லெண்ணத்தோடு சொன்னார்: "உங்க பிரிவுலேருந்து இந்த சார் வந்திருந்தாரே. இவரு அதையே ரெண்டு தடவை கேட்டாரு. 'அப்போ பழைய பேரு அடியோட போயிடுமா, திரும்பக் கிடைக்கவே கிடைக்காதா'ன்னு. நான் கிடைக்காதுன்னு சொன்னேன். குறிப்புகூட எடுத்துக்கிட்டாரு."



நான் மச்சானைப் பார்த்தேன். அவர் கூரையில் சுற்றிக்கொண்டிருந்த விசிறியை, அதை விலைக்கு வாங்கப்போகிறவர் போல, உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பீடம் தொண்டையைக் கனைத்து, "அது வேற விஷயம். மென்பொருள்ல குறை ஏதும் இல்லைன்னு தெளிவாயிடுச்சு, இல்லையா?" என்றார். இல்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

மாடிப்படியில் மச்சானைப் பிடித்தேன். முட்டி வலியையும் மறந்து இரண்டு இரண்டு படியாக இறங்கினேன்.

"தெரிஞ்சேதான் திறக்கச் சொன்னீங்களா?"

"ஆதாரம் எடுங்கன்னு சொன்னேன் மாப்ளே. சரி தட்டுங்கன்னு சொன்னேனா?"

"வேற பொத்தானே இல்லையேய்யா அதுல!"

"அதான் நானும் சொல்றேன். மென்பொருள் சரியில்ல." பெருமூச்சு விட்டார். "நம்ம கையில என்ன இருக்குங்க?"

"உங்களை நம்பித்தானே பேனாவைக் கொடுத்தேன்..."

"படி வழுக்குது, பார்த்து இறங்குங்க" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். உதறினேன். உதறிய வேகத்தில் உண்மையாகவே வழுக்கியது. மறுபடியும் அவர்தான் பிடித்தார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கொட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "எங்க அண்ணன் அப்படியெல்லாம் செய்யறவர் இல்லைங்க" என்று சொல்வாள், சண்டை போடலாம் என்று தயாராக இருந்தேன். அவள் சொல்லவில்லை. ஒரு தலையணை உறையை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"அந்த வேலைக்கு அண்ணன் மனு போட்டிருந்தது எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே. அண்ணி சொன்னாங்க. சொன்னா நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குவீங்களேன்னு சொல்லல."

"நான் உன் புருஷன்டி."

"அவரு எனக்கு அண்ணன்" என்றாள். கோபமாக இல்லை, கணக்குச் சொல்கிற மாதிரி. "நீங்க தோத்தா வீட்டுல ரெண்டு நாள் சாப்பிடாம இருப்பீங்க. அவரு தோத்தா அண்ணி என்னை வருஷம் பூரா பேசுவாங்க."

மூவாயிரம் சிலையை உடைத்தவனுக்கு அன்றைக்குத்தான் உடைகிற சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. அலமாரிக் கதவைச் சாத்துகிற சத்தம்தான்.

தீர்ப்பு வந்தது. என் நீண்ட சேவையைக் கருதி எச்சரிக்கையோடு விட்டார்கள். 'இனி வரும் காலங்களில் தொன்மையான பொருட்களின் மூக்கு முதலிய உறுப்புகளைச் சேதப்படுத்துவதைத் தவிர்க்கவும்' என்று எழுத்துபூர்வமாக அறிவுரையும் உண்டு. பதவி மச்சானுக்குப் போனது. பொறுப்பேற்ற அன்று அந்த ஜன்னல் அறையில், காலை வெயில் மேஜையில் விழ, நம்பிக்கைதான் ஒரு நிறுவனத்தின் அஸ்திவாரம் என்று பேசினார். பீடம் பக்கத்தில் நின்று தலையாட்டினார். என்னைக் காட்டி, "இவர் இல்லைன்னா நான் இன்னைக்கு இங்க நிக்க முடியாது" என்றார் மச்சான். அந்தக் கூட்டத்தில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

நான் கைதட்டவில்லை. கிடங்குக்கு இறங்கி வந்து, தாழிட்டுக்கொண்டு, தனியாக நின்று சபதம் செய்தேன். இந்தப் பிறவியில் இனி அந்த மனுஷன் முகத்தில் விழிப்பதில்லை. அவர் வீட்டுப் படி மிதிப்பதில்லை. அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தால் கதவு திறப்பதில்லை. என் பிணத்தைத் தூக்கக்கூட அவர் கை கூடாது. கை, கால், மூக்கு இழந்த அத்தனை அரசர்களும் சாட்சியாக நின்றார்கள். ஒரு மனிதனின் மானம் அதன் முழு உயரத்துக்கு எழுந்து நின்ற கணம் அது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார். மீன் வாங்க நான் போக வேண்டும்.